எண்ணிக்கை போதாது, பெயர் வேண்டும்: வேலூரின் போர்வீரர்களும் நினைவின் சமத்துவமும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உள்ளது. முதல் உலகப்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்பதே அதன் செய்தி. அந்தப் பதினால்வர் யார், எந்தத் தெருவினர், எங்கே மடிந்தனர் என்பதற்கு அக்கல்லில் விடை இல்லை. அவர்களுள் எத்தனை பேர் சேரியிலிருந்து சென்றவர்கள் என்பதும் தெரியாது. நூறாண்டுகளாக அவர்கள் ஓர் எண்ணாகவே இருக்கிறார்கள்.

இது வேலூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. போரில் மடிந்தோரைப் பதவி, இனம், சமயம் பாராமல் சமமாக நினைவுகூர வேண்டும் என்ற கொள்கையுடன் 1917இல் பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் தொடங்கப்பட்டது. ஆனால் ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையில் அடக்கப்பட்டனர். 2021 ஏப்ரலில் அவ்வாணையத்தின் சிறப்புக் குழு தந்த அறிக்கை இதை வெளிப்படையாக ஏற்றது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்டோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது.

ஏகாதிபத்தியத்தின் பாகுபாட்டுடன் சாதியின் பாகுபாடும் கைகோத்திருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் சென்னைப் படையில் பறையர் சமூகத்தினர் கணிசமாகப் பணியாற்றினர். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் உள்ளிட்டோர் ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டை வளர்த்து, தென்னிந்தியர்க்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கும் படையின் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தனர். மகர்களைச் சேர்ப்பது 1892இல் நிறுத்தப்பட்டது. உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது, 1917இல் 111ஆம் மகர் படை உருவாக்கப்பட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவாயிற்று. தேவைப்படும்போது வீரன், தேவை தீர்ந்ததும் தீண்டத்தகாதவன் என்பதே அந்த அரசு கடைப்பிடித்த நெறி.

நமது தோல் தொழில் பகுதிக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. அதே போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல்களைப் படைவீரர்களின் பூட்சுகளுக்காக அரசு பெருமளவில் வாங்கியது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி அத்தோலைப் பதப்படுத்திய கைகளுக்கு எந்த ஊரில் கல்வெட்டு இருக்கிறது?

பெயர் பொறிக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குப் பீமா கோரேகான் சான்று. 1818 ஜனவரி 1 அன்று நடந்த போருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வெற்றியைப் பறைசாற்றவே அத்தூணை எழுப்பியது. ஆயினும் அதில் மடிந்தோரின் 49 பெயர்கள் இருந்தன. அவற்றுள் 22 பெயர்கள் மகர்களுடையவை. அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்கு சென்றார். அதன்பின் அத்தூண் கம்பெனியின் சின்னமாக இல்லாமல் ஒரு மக்களின் தன்மதிப்பின் சின்னமாயிற்று. பெயர்கள் இல்லாதிருந்தால் அந்த உரிமைகோரலுக்கு ஆதாரமே இருந்திராது.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் 19ஆம் மெட்ராஸ் படைப்பிரிவினர் பதின்மர் புதைந்தபோது, வேலூர் மாவட்டத்தின் ஹவில்தார் ஏழுமலை உட்பட அனைவரின் பெயரையும் நாடு அறிந்தது. ஆனால் பெயர் கிடைத்தவுடன் சமத்துவம் கிடைத்துவிடுவதில்லை. அதே ஆண்டு ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் மத்திய ரிசர்வ் காவல் படை வீரர் வீர் சிங் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியான நட் சமூகத்தைச் சேர்ந்த அவரது உடலைப் பொதுநிலத்தில் எரியூட்ட, உத்தரப் பிரதேசத்தில் உள்ள அவரது சொந்த ஊரின் ஆதிக்க சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிகாரிகள் பேசிய பிறகே பத்துக்குப் பத்து மீட்டர் இடம் கிடைத்தது. தேசியக்கொடி போர்த்திய உடலையும் சாதி தடுத்து நிறுத்தியது.

அது வடநாட்டுக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தின் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. இத்தகைய ஊரில் ஒரு தலித் வீரர் நாளை போரில் மடிந்தால், அரசு மரியாதையுடன் வரும் ஊர்தி எந்தப் பாதையில் செல்லும்?

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இடுகாட்டையோ சுடுகாட்டையோ பொதுப் பாதையையோ பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)இன்கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் பிரிவு 4 அவர்மீதும் பாயும். ஆகவே பாதை மறிக்கப்படும்போது ‘சமாதானப் பேச்சு’ நடத்துவது தீர்வாகாது. முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வதே அதிகாரியின் கடமை.

தோழர்களும் மாணவர்களும் இரு பணிகளை ஒருசேர மேற்கொள்ள வேண்டும் என்கிறோம். முதலாவது, பெயர்களை மீட்பது. போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றித் தேடலாம். நம் ஊர்களில் ஓய்வூதியப் புத்தகங்களும் பதக்கங்களும் பெரியவர்களின் நினைவுகளும் இன்னும் எஞ்சியுள்ளன. கிடைக்கும் பெயர்களை கிராம சபையில் வைத்து, பொதுவிடத்தில் பொறிக்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். இரண்டாவது, ஒவ்வொரு சேரியிலிருந்தும் சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை பொதுப் பாதையாக வருவாய்த்துறைப் பதிவேட்டில் உள்ளதா என இப்போதே சரிபார்ப்பது. இல்லையெனில் வட்டாட்சியரிடம் மனு அளிக்க வேண்டும். சாவு நேர்ந்த பின் பாதைக்காக மன்றாடும் நிலைக்கு எந்தக் குடும்பமும் தள்ளப்படக் கூடாது.