முதலில் பறப்பது எது?

நுகத்துக்குப் பழகாத காளையைப் பூட்டி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றி அனுப்புவார் உண்டோ? முதலில் வெறும் வண்டியில் பூட்டியன்றோ பழக்குவார்கள்! வானவெளிக்குக் கலம் அனுப்புவோருக்கும் இதே தர்மசங்கடம் உண்டு. பெரும் பொருள் செலவிட்டுக் கிரகத்தை ஆராயப் புறப்படும் விஞ்ஞானி, முன்னம் பறந்திராத யந்திரத்தை நம்பத் துணியார். எவருமே துணியாவிடில் அந்த யந்திரம் என்றைக்கும் பறக்கப் போவதில்லை.

இம்முடிச்சை அவிழ்க்கவே அமெரிக்க நாட்டின் நாஸா ஸ்தாபனத்தார் 1998-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி 'டீப் ஸ்பேஸ் 1' என்னும் கலத்தை ஏவினர். பரீட்சையே அதன் பிரதான வேலை. அதில் பன்னிரண்டு புதுமைகள் இடம் பெற்றன. இத்தகைய தேர்வில் மூன்று கேள்விகள் முக்கியமானவை. வெற்றி பெற்றால் பின்வரும் பயணங்களுக்குப் பெரும் பயன் உண்டா? முதலில் உபயோகிப்பவருக்கு அபாயம் அதிகமா? பூமியிலேயே பரீட்சித்து அறிய இயலாதா?

அயனி யந்திரத்தைப் பாருங்கள். செனான் வாயுவின் அணுக்களுக்கு மின்னூட்டி, அதிவேகமாகப் பின்னே தள்ளிக் கலத்தை முன்செலுத்துவது அது. அதன் உந்துவிசை, உள்ளங்கையில் வைத்த ஒரு காகிதத்தின் பாரத்துக்குச் சமம். ஆனால் மாதக்கணக்கில் ஓயாது தள்ளும். பூமியில் வெற்றிட அறையில் 8,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தார்கள். எனினும், வெளிப்படும் மின் துகள்கள் கலத்தின் கருவிகளைப் பாதிக்குமோ என்ற ஐயத்தை நாற்சுவருக்குள் முற்றும் தீர்க்க இயலவில்லை.

நவம்பர் 10-ந் தேதி விண்ணில் முடுக்கிய யந்திரம் சில நிமிஷங்களில் நின்றுவிட்டது! இரு வாரம் முயன்று, 24-ந் தேதி மீண்டும் இயக்கினர். பிறகு அது 16,000 மணிக்கு மேல் உழைத்தது. அந்த நம்பிக்கையில் 2007-இல் புறப்பட்ட 'டான்' கலம், 2011-இல் வெஸ்டாவையும் 2015-இல் சீரிஸையும் அடைந்து வலம் வந்தது.

இதற்கு மாறான கதையும் உண்டு. அதே திட்டத்தின் 'டீப் ஸ்பேஸ் 2' என்ற இரு சிறு கருவிகள் 1999 டிசம்பரில் செவ்வாயின் தரையைத் துளைக்கச் சென்றன. அவற்றிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. பூமியில் போதிய பரீட்சை நடத்தாமலே அவற்றை அனுப்பிவிட்டதாகப் பின்னர் விசாரித்தவர்கள் கூறினர்.

வீட்டுப் பாடத்தைப் படிக்காமல் பரீட்சைக்கு வரும் பிள்ளைகளை நான் நாள்தோறும் காண்கிறேன். விண்ணில் சோதிப்பது, மண்ணில் சோதிப்பதற்குப் பதில் ஆகாது. மண்ணில் முடிந்ததெல்லாம் முடித்த பிறகு எஞ்சும் ஐயத்துக்கே அது மருந்து.