ம. பொ. சிவஞானம்

மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் (ஜூன் 26, 1906 - அக்டோபர் 3, 1995) தமிழக அரசியல்வாதியும் இதழாளரும் எழுத்தாளரும் ஆவார். ம. பொ. சி. எனப் பரவலாக அறியப்படுகிறார். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட இவர், 'தமிழ்நாடு' நாளிதழில் அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றினார். பின்னர் 'செங்கோல்' இதழை நடத்தினார். 1946 இல் தமிழரசுக் கழகத்தை நிறுவினார்.

ஆந்திராவுடனான எல்லைச் சிக்கலில், மங்கலங்கிழாருடன் இணைந்து வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். 1959 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏப்ரல் 1, 1960 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கு ஈடாகத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திராவுக்குச் சென்றன. பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த பழவேற்காடு தமிழகத்திலேயே நீடித்தது. ஆயினும் அங்குள்ள மீனவர்களின் வாழ்வாதாரமான ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது.

1986 இல் தமிழ்நாடு சட்ட மேலவை கலைக்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவர் இவரே.