நூற்றுக்கு ஒன்று தவறினால்?

உங்கள் பிறந்த நாளுக்கு ஒருவர் கன்றுக்குட்டித் தோலால் செய்த பணப்பை ஒன்றைப் பரிசாகத் தருகிறார். உங்கள் மனத்தில் என்ன தோன்றும்? நம்மில் பலர் நன்றி கூறி வாங்கிக் கொள்வோம். ஆனால் ஒரு நாவலில் இக்கேள்விக்கு முகம் சிவக்காதவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை!

அமெரிக்க எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நாவலின் பெயரைத் தமிழில் 'ஆண்ட்ராய்டுகள் மின்சார ஆட்டைக் கனவு காணுமா?' எனலாம். 1982இல் வெளிவந்த 'பிளேடு ரன்னர்' திரைப்படம் இதைத் தழுவியதே. 'சைபர்பங்க்' என்ற சொல் 1983இல்தான் அச்சேறியது. எனினும் அவ்வகைத் துப்பறியும் கதைகளுக்கு இந்நாவல் முன்னோடி.

உலகப் போருக்குப் பின் கதிரியக்கத் தூசி படிந்த சான்பிரான்சிஸ்கோ நகரம். விலங்குகள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், உயிருள்ள ஆடு ஒன்று வைத்திருப்பதே பெருமை. காவல் துறைக்காக வேலை செய்யும் ரிக் டெக்கார்டிடம் இருப்பதோ மின்சார ஆடு. அண்டை வீட்டாருக்கு அது தெரிந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. மனிதரைப் போலவே செய்யப்பட்ட, தப்பி வந்த ஆண்ட்ராய்டுகளைக் கண்டுபிடித்துக் கொல்வது அவர் தொழில். அதற்கு 'ஓய்வளித்தல்' என்று பெயர்! தலைக்கு 1,000 டாலர் பரிசு. அப்பணத்தில் உண்மையான விலங்கு ஒன்று வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கதாநாயகன்தான், ஆனால் உத்தமர் அல்லர்.

யார் மனிதர், யார் ஆண்ட்ராய்டு என்பதை அறிய அவர் கையாளுவது வாய்ட்-காம்ஃப் சோதனை. கன்னத்தில் கம்பியுடன் கூடிய வில்லை ஒன்றை ஒட்டுவார். கண்ணில் மெல்லிய ஒளிக்கதிரைப் பாய்ச்சுவார். விலங்குகளுக்கு நேரும் துன்பத்தைப் பற்றிக் கேள்விகள் கேட்பார். இரக்கம் உள்ளவருக்குக் கன்னத்தின் தந்துகிகள் உடனே விரியும், கண் தசைகள் இறுகும் என்பது சோதனையின் அடிப்படை.

இதில் அறிவியல் உண்டா? ஓரளவு உண்டு. வெட்கப்படும்போது முகம் சிவப்பது தன்னியக்க நரம்பு மண்டலத்தின் செயல். நாம் நினைத்து அதைத் தடுக்க முடியாது. தோலுக்கடியில் இரத்தம் கூடினால் அது உறிஞ்சும் ஒளியும் கூடும். எனவே குருதியோட்டத்தை ஒளியால் அளக்கலாம். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டர் ஒளி உறிஞ்சப்படுவதைக் கொண்டே வேலை செய்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவி அளப்பது இரத்தத்தை, இரக்கத்தை அன்று. முகம் சிவப்பதற்கு இரக்கம்தான் காரணம் என்பது நாம் ஊகித்துச் சேர்த்துக் கொள்வது. பிழை அங்கேதான் நுழைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (இவ்வெண்கள் நாவலில் இல்லை, நாமே வைத்துக் கொள்வன.) ஓர் ஊரில் 1,000 பேர், அவர்களுள் 5 பேர் ஆண்ட்ராய்டுகள். சோதனை நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்கிறது. எல்லாரையும் சோதித்தால், 5 ஆண்ட்ராய்டுகளும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். எஞ்சிய 995 மனிதருள் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறத்தாழ 10 பேரும் அகப்படுவர். ஆகப் பிடிபட்ட 15 பேரில் 10 பேர் மனிதர்கள்! 'நூற்றுக்கு 99 சரி' என்ற சோதனையை நம்பிச் சுட்டால், மூவரில் இருவர் குற்றமற்றவர்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. பொய்யறியும் கருவியைப் பற்றி அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் இத்தகைய கணக்கு ஒன்றை வெளியிட்டது. 10,000 ஊழியர்களுள் 10 ஒற்றர்கள் இருப்பதாகக் கொண்டு, அவர்களில் 8 பேரைப் பிடிக்குமாறு கருவியை அமைத்தால், குற்றமற்ற ஏறத்தாழ 1,600 பேரும் சந்தேகத்துக்கு ஆளாவர் என்று அது காட்டியது.

மறுபடி சோதித்தால் பிழை நீங்காதா? பிழை இரு வகை. தற்செயலாக நேரும் பிழை, திரும்பத் திரும்ப அளந்தால் குறையும். முறைசார் பிழையோ எத்தனை முறை அளந்தாலும் மாறாது. பூச்சியம் தவறிய தராசு ஒவ்வொரு முறையும் அதே அளவு தவறுவதைப் போல. மனநோயினால் உணர்ச்சி மங்கிப்போன மனிதர்கள் இச்சோதனையில் தோற்கக்கூடும் என்று நாவலிலேயே டெக்கார்டின் மேலதிகாரி எச்சரிக்கிறார். அத்தகையவரை நூறு முறை சோதித்தாலும் நூறு முறையும் 'ஆண்ட்ராய்டு' என்றே விடை வரும். எலும்பு மஜ்ஜையை ஆய்ந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் நாவலில் சுட்டுக் கொன்ற பிறகுதான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் சோதனையே வீணா? இல்லை. வேறு சான்றுகளால் சந்தேகத்துக்குரியவர் முன்னரே சிலராகச் சுருங்கிவிட்டால், அதே சோதனை மிகவும் பயன்படும். பத்துப் பேரில் ஐவர் ஆண்ட்ராய்டு என்றால் தவறாக அகப்படும் மனிதர் அரிது. கணக்கிட்டுப் பாருங்கள்.

நாவலில் லூபா லுஃப்ட் என்னும் பாடகி டெக்கார்டிடம், அந்தச் சோதனையை அவர் தமக்குச் செய்து பார்த்ததுண்டா என்று கேட்கிறாள். பின்னர் அவர் தம் கன்னத்தில் வில்லையை ஒட்டிக்கொள்கிறார். தாம் கொல்ல வேண்டிய சில ஆண்ட்ராய்டுகளின் மீதே தமக்கு இரக்கம் இருப்பதைக் கருவி காட்டுகிறது. முகங்களை அடையாளம் காணும் கணிப்பொறிகளும் ஆட்களைத் தரம் பிரிக்கும் நிரல்களும் பெருகிவரும் இக்காலத்தில், 'இது 99 சதவீதம் சரி' என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கருவி உண்மையில் எதை அளக்கிறது? எத்தனை பேரைச் சோதித்து எத்தனை பேரைத் தேடுகிறீர்கள்? தவறாக அகப்பட்டவர் தம்மை மெய்ப்பிக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?