ஸ்பீக்கர் ஏன் உறுமுகிறது?

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றக்கூடியவை. நொடிக்கு ஐம்பது சுற்று. நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து இங்கிருந்து காஷ்மீர் வரை எல்லா மின்நிலையங்களும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. பாட்டே போடாதபோதும் மலிவு விலைக் கணினி ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் 'உம்ம்' அந்தத் தாளம்தான்.

நல்ல ஸ்பீக்கரிலும் இதே மின்சாரம்தான் போகிறது. அங்கே அது வடிகட்டப்பட்டுவிடும், இங்கே கசிகிறது. பெட்டியைத் திறந்தால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடு, உருளையாக நிற்கும் ஒரு கன்டென்சர், பிறகு டிடிஏ 2030 போன்ற ஓர் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. இருக்கும். டையோடுகள் அலையின் இரு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் நொடிக்கு 100 மேடு பள்ளங்கள் உண்டாகும். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வர மேல்நிலைத் தொட்டி உதவுவதுபோல, அந்தப் பள்ளங்களை நிரப்புவது கன்டென்சரின் வேலை. அதற்குள் இருக்கும் திரவம் காயக் காயக் கொள்ளளவு குறைந்து, பள்ளங்கள் அப்படியே ஒலியாக வெளியே வரும். தலைப்பக்கம் உப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். முதலில் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் அதே அளவில் உறுமினால் கோளாறு பெட்டிக்குள், பெரும்பாலும் அந்தக் கன்டென்சரில். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து ஆடியோ பின் வழியாக நுழைகிறது. அடுத்து, லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் சார்ஜரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடுகின்றன என்று பொருள். இரண்டுக்கும் இடையே ஏற்படும் சிறிய மின்னழுத்த வேறுபாட்டால் ஆடியோ வயரின் உலோக உறை வழியாக மின்னோட்டம் ஓடி ஒலியில் கலக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல வீடுகளில் இது அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால், வயரின் நடுவே மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்கும். சார்ஜரோ கணினியோ மூன்று பின் என்றால் அந்தத் தடித்த எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் உள்ளே கசிவு ஏற்பட்டால் அது தேடிவரும் அடுத்த வழி உங்கள் கை.

நம் தூத்துக்குடிக் கரைக்கென்று தனிக் கதை ஒன்று உண்டு. உப்பளங்களையும் ஹார்பரையும் தாண்டி வரும் காற்றில் உப்புத் துகள்கள் மிதக்கின்றன. வெறும் சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தொட்டால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் பகல் வெயிலிலும் பொருள்கள்மேல் படியும் உப்புப் படலம் முழுக்கக் காய்வதில்லை. ஆடியோ பின்னின் பொன்னிறப் பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உறையோடு சேரும் அந்தப் பகுதியின் தொடர்பு விட்டுப்போனால், கவசமில்லாத வயர் சுற்றியுள்ள மின்வயர்களின் அலையையெல்லாம் பிடித்து உரக்க உறுமும். பின்னை ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். வால்யூமைத் திருப்பும்போது 'கரகர' என்றால் உள்ளே இருக்கும் கரித்தடம் அழுக்கேறியிருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டுக் குமிழைப் பலமுறை இரு பக்கமும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

இரைச்சல்களில் இன்னும் சில வகை உண்டு. 'டிட்-டிட்-டிட்' என்று விட்டுவிட்டு அடித்தால் அருகில் 2ஜி அலைவரிசையில் இயங்கும் ஃபோன் இருக்கிறது. அதன் ஒலிபரப்புத் துடிப்பு நொடிக்கு 217 முறை வருவதால் அதை ஸ்பீக்கர் ஒலியாக்கிவிடுகிறது. ஃபோனைத் தள்ளி வைத்தால் போதும். குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் படபடத்தால் கோனின் விளிம்பு கிழிந்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும்.

சில சமயம் இரைச்சலுக்குள் ஒரு குரலே கேட்கும். ஆகாசவாணியின் தூத்துக்குடி நிலையம் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரால் இலங்கை வரை ஒலிபரப்பிய நிலையம். இத்தகைய நிலையத்துக்கு அருகில் நீண்ட ஸ்பீக்கர் வயரே ஏரியலாகிவிடும். ஆம்ப்ளிஃபயரின் உட்சந்திகள் டையோடாக வேலை செய்து வானொலி அலையிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும். வயரைக் குட்டையாக்கி, பெட்டியில் நுழையும் இடத்தில் ஃபெரைட் வளையம் ஒன்றைப் பொருத்தினால் அந்தக் குரல் பெரும்பாலும் வெகுவாகக் குறைந்துவிடும்.

கன்டென்சரை மாற்றுவது என்று முடிவானால் பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட்டுக்கும் வோல்ட்டுக்கும் குறையாததாக, 105 டிகிரி என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. ஈயம் வைக்கும்போது கழித்தல் குறியுள்ள காலை மாற்றிப் போட்டுவிட்டால் அது வெடிக்கவும் செய்யும்.