கடற்கரைக் குப்பமும் கையேட்டு மரபும்

எழுதுவோரே பதிப்பாளராகவும், பதிப்பாளரே வழங்குவோராகவும் நின்று நடத்தும் ஏட்டினைச் சிற்றேடு என்கிறோம். ஊதியம் கருதாமல், சில பக்கங்களில், சில படிகளே ஆக்கப்பெற்று, கைக்குக் கை மாறிச் செல்லுதல் அதன் இயல்பு. அமெரிக்க நாட்டில் 1930ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து அறிவியற் புனைகதை ஆர்வலர் வெளியிட்ட 'காமெட்' என்னும் இதழை இவ்வகைக்கு முன்னோடி என்பர். பெயர் மேலை நாட்டினதாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. தமிழில் இம்மரபு வளர்ந்த வழியையும், சென்னை நொச்சிக்குப்பம் போன்றதொரு கடற்கரை ஊரில் அஃது ஆற்றக்கூடிய பணியையும், ஆக்கும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் இம்மரபின் ஒரு கிளை. மலிந்த தாளில் அச்சிட்ட சில பக்கங்களே அவற்றின் அளவு. கொலை, வெள்ளம், புகைவண்டி விபத்து எனத் தெருவில் பேசப்பட்ட செய்தியெல்லாம் அவற்றிற் பாட்டாயிற்று. கற்றோர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. நூலகங்களும் பெரும்பாலும் பேணவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலே அவற்றின்பால் ஆய்வுலகின் கண்ணைத் திருப்பியது.

கையெழுத்து ஏடு மற்றொரு கிளை. மு. கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்தபோது 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942இல் அவர் தொடங்கிய 'முரசொலி'யும் முதலில் துண்டறிக்கையாகவே வெளிவந்தது. வல்லிக்கண்ணன் 'இதய ஒலி' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். அச்சகம் எட்டாத இடத்தில் எழுதுகோலே அச்சுப்பொறியாயிற்று.

மூன்றாவது கிளை இலக்கியச் சிற்றிதழ். சி. சு. செல்லப்பா 1959 சனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். நூல்களைத் தோளிற் சுமந்து ஊர் ஊராகச் சென்று அவரே விற்றதைத் தமிழுலகம் அறியும். அவ்விதழில் வந்த புதுக்கவிதைகளினின்று தேர்ந்தெடுத்த 'புதுக்குரல்கள்' 1962இல் வெளியாயிற்று. இன்று புதுக்கவிதை வரலாற்றை எழுதுவோர் எவரும் அத்தொகுதியைத் தவிர்த்தல் இயலாது. 1970இல் சென்னையில் 'கசடதபற' தோன்றியது. படிப்போர் தொகை சிறிதாயினும் மொழியின் போக்கையே ஓர் ஏடு திருப்பக்கூடும் என்பதற்கு இவை சான்று. இவ்வகை ஏடுகள் பலவற்றில் காணப்படும் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்னும் தொடரும் நோக்கத்தக்கது. இவ்வேடு கடைக்காக அன்று, தெரிந்தவர் வட்டத்திற்காக என்பதே அதன் பொருள்.

திருவல்லிக்கேணிக்குத் தெற்கே, கலங்கரை விளக்கத்தை அடுத்து, கடலோரச் சாலையில் அமைந்துள்ளது நொச்சிக்குப்பம். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய ஊர்களுள் இதுவும் ஒன்று. 2023 ஏப்பிரலில் இங்குள்ள சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டமையும், 2024 ஆகத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டமையும் நாளிதழ்களிற் செய்தியாயின. இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியார். பேரிடர் நேரும்போதும் வழக்கு எழும்போதும் இவ்வூர் எழுதப்படுகிறது. ஏனைய நாள்களில் எழுதுவாரில்லை.

சங்க இலக்கியத்து நெய்தற் பாடல்களிலும் பரதவர் பாடுபொருளாகவே பெரிதும் நிற்கின்றனர். நெய்தல் திணையை வகுப்பறையில் விளக்கும் நாம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயரிட்டு நாள்தோறும் அழைப்போர் நம் நகரத்திலேயே வாழ்வதை மறந்துவிடுகிறோம். நீரோட்டத்தின் பெயர், வலையின் உறுப்பு, மீன் வளருந்தோறும் மாறும் பெயர் ஆகியன முதியோர் நாவில் உள்ளன. இளையோர் வேறு தொழிலை நாடுங்கால் அச்சொற்கள் வழங்கும் இடம் சுருங்கும். சொல் மறைந்தால் அச்சொல் சுட்டிய அறிவும் உடன் மறையும். பேரகராதி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒரு தாள் போதும்.

ஆக்கும் முறை எளிது. ஏ4 அளவுத் தாளினைக் கிடைமட்டமாக வைத்து, நான்கு பத்தியும் இரண்டு வரிசையுமாக எட்டுக் கட்டங்கள் அமையுமாறு மடித்துப் பிரிக்கவேண்டும். கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 என்னும் பக்கங்களை நேராகவும், மேல்வரிசையில் 5, 4, 3, 2 என்னும் பக்கங்களைத் தலைகீழாகவும் எழுதுதல் வேண்டும். முதற்பக்கம் முகப்பு, எட்டாம் பக்கம் பின்னட்டை. இவ்வாறு எழுதிய தாளின் ஒரு புறத்தை மட்டும் வேண்டிய அளவு படியெடுத்துக்கொள்ளலாம். பின்னர் ஒவ்வொரு படியிலும் இரு வரிசைகளுக்கும் இடையேயுள்ள மடிப்பில், நடு இரண்டு கட்டங்களின் நீளத்திற்கு மட்டும் வெட்டுதல் வேண்டும். நீளவாட்டில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். பசையும் வேண்டா, தையலும் வேண்டா. முற்காலத்தில் மெழுகுத்தாளும் உருட்டுப்பொறியும் செய்த வேலையை இன்று தெருமுனை நகற்கடை செய்கிறது.

பொருளடக்கத்திலும் இதே சுருக்கம் நன்று. ஓர் ஏட்டிற்கு ஒரு பொருள் போதும்: ஒரு காற்று, ஒரு வலை, ஒரு மீன், அல்லது ஒரு முதாட்டியின் மீன் விற்பனை நாள். பேசியவாறே எழுதுதல் வேண்டும். இலக்கண வழக்கிற்குத் திருத்தி எழுதினால் ஆய்வாளனுக்கும் பயனில்லை. ஊராருக்கும் அது தம்முடையதாகத் தோன்றாது. சொல்லை முதலில் எழுதி, அதனைச் சொன்னவர் எப்பொருளில், எப்பருவத்தில் வழங்கினார் என்பதையும் சேர்த்தெழுதினால் அவ்வேடு சிறு அகராதியாகவே பயன்படும். தொகுத்த ஆண்டையும் திங்களையும் முகப்பிற் குறித்தல் இன்றியமையாதது. குஜிலி நூல்கள் பலவற்றின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர் படும் இடர் இதன் தேவையை உணர்த்தும்.

பகிர்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. கடலடியில் மீன் கூடும் பார்களின் இருப்பிடம் மீனவர்க்கு வாழ்வுடைமை. அதனைக் கரையிலுள்ள அடையாளங்கொண்டு அவர்கள் அறிவர். அவ்வறிவை அச்சேற்றுதல் அறிவுப்பரப்பல் போலத் தோன்றினும், பெரும் விசைப்படகினர்க்கு வழிகாட்டுதலாய் முடியவுங்கூடும். ஆதலின் எதனை எழுதுவது, எதனை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஊரார்க்கே உரியது. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்னும் பழந்தொடர் இங்குப் புதுப்பொருள் பெறுகின்றது. சில படிகள் ஊருக்கு; சொன்னவர் இசைந்தால் மட்டுமே ஒரு படி நூலகத்திற்கு.

புறப்பொருள் இலக்கணத்தில் நொச்சி என்பது மதில் காத்தலைக் குறிக்கும் திணை. இக்குப்பத்தின் பெயர் அத்திணையினின்று வந்ததெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் காக்கவேண்டிய மதில் ஒன்று இவ்வூர்க்கு உண்டு. அது கல்லால் ஆயதன்று, சொல்லால் ஆயது. அதனைக் காக்கும் பணியில் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது, தாமே எழுதிக் கொடுப்பதன்று. தாளும் படியெடுக்கும் செலவும் தந்து, எழுதப்பட்டதைப் பேணிவைப்பதேயாம்.