முதியோர் விழுவது விதியா?

நமக்கு நெடுநாளாகப் பழக்கமான பெரியவர் ஒருவர், எண்பது பிராயத்தை எட்டியவர், நாள்தோறும் காலையில் வாசகசாலைக்கு நடந்து சென்று பத்திரிகைகளைப் படித்துவிட்டே உணவு கொள்ளும் வழக்கமுடையவர், சென்ற மாதம் ஓரிரவு எழுந்து நாலடி வைப்பதற்குள் விழுந்து, துடையெலும்பு முறிந்து, இப்போது படுத்த படுக்கையாயிருக்கிறார். பார்க்க வந்தோர் அனைவரும், "வயதாகிவிட்டது, என்ன செய்வது!" என்றனர். சிலர் தரையைக் குறை கூறினர்; சிலர் கிரகத்தைக் குறை கூறினர். அவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இஃது ஒரு வீட்டுச் சமாசாரமன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததன் காரணமாக மாண்டு போகின்றனர். விபத்து மரணங்களில், சாலை விபத்துக்களுக்கு அடுத்த ஸ்தானம் இதற்கே. மாள்வோரில் 100-க்கு 80 பேருக்கு மேல், நம்முடையதைப் போன்று நடுத்தர வருமானமோ குறைந்த வருமானமோ உள்ள தேசங்களைச் சேர்ந்தவர். 60 பிராயத்தைக் கடந்தோரே அவர்களில் மிகுதி.

முதுமை மட்டுமே மனிதனைத் தள்ளிவிடுவதில்லை. படுத்திருப்பவன் எழுந்து நிற்கையில் ரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. வாலிபனுக்கு ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி, இருதயமும் விரைந்தடித்து, அழுத்தத்தைச் சமன் செய்துவிடும். முதியவருக்கு இவ்வேலை தாமதப்படுகிறது. எழுந்த 3 நிமிஷத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேலளவு 20 ஆவது, கீழளவு 10 ஆவது குறையுமாயின், அதைத் தனியொரு கோளாறாகவே வைத்தியர்கள் கணிக்கின்றனர். கண் இருள்கிறது, கால் தளர்கிறது. இதனுடன் நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றுதல், கண்புரை, பார்க்கின்ஸன் நோய், இருதயத் துடிப்பின் ஒழுங்கீனம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வளவும் போதாவென்று மருந்தும் வந்து சேர்கிறது. ரத்த அழுத்த மாத்திரைகளும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், பிராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் டாம்சுலோஸினும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இன்னும் தாழ்த்தக் கூடும். கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள், உணவு தவறிய வேளையில், சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். ஜலதோஷத்துக்கு உட்கொள்ளும் குளோர்பெனிரமின் கூட அறிவை மந்தப்படுத்தும். எல்லாவற்றினும் எச்சரிக்கைக்குரியவை டயாஸிபாம், அல்பிரஸோலாம் முதலிய தூக்க மாத்திரைகள். டயாஸிபாம் முதியவர் உடலில் நாட்கணக்காகத் தங்குவதால், இரவில் விழுங்கியது மறுநாள் பகலிலும் நடையைத் தடுமாறச் செய்யும்.

நியூஜீலந்தில் நடந்து, 1999-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி இங்கு கவனிக்கற்பாலது. தூக்கத்துக்கும் மனநிலைக்குமான மருந்துகளை உட்கொண்டு வந்த, 65 பிராயமும் அதற்கு மேலுமான 93 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு சாராருக்கு மருந்து சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தப்பட்டது. 44 வாரங்களில் அவர்கள் விழும் அபாயம், மற்றவரைவிட 100-க்கு 66 பங்கு குறைவாயிருந்தது. ஆயினும் என்ன? ஆராய்ச்சி முடிந்து ஒரு மாதத்தில், மருந்தை முற்றும் விட்டிருந்த 17 பேரில் 8 பேர் அதை மறுபடியும் தொடங்கிவிட்டனர்! பழக்கத்தின் பலம் இத்தகையது.

நமது தேசத்தில் சட்டம் இல்லாமலில்லை. 2014-ம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி முதல், மேற்சொன்ன தூக்க மாத்திரைகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்பது மட்டுமன்றி, வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் புத்தகத்தில் பதிந்து, 3 வருஷம் காக்க வேண்டுமென்றும் விதி ஏற்பட்டிருக்கிறது. ஆனால் என்றோ எழுதிய பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் மாத்திரை வாங்கி வருவோர் யார்? நாமே அல்லவா? விதி காகிதத்தில் இருந்து பயனென்ன?

பெரியவரின் பெட்டிக்கு வருவோம். நாம் வேண்டிக்கொண்டதன் பேரில் அவருடைய புதல்வர் அதைத் திறந்து காட்டினார். மூன்று வைத்தியர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் எழுதிய பதினொரு மருந்துகள் அதிலிருந்தன. அவற்றுள் இரண்டு, வெவ்வேறு பெயருடைய ஒரே தூக்க மாத்திரை! எவரும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. மொத்தத்தையும் பார்க்க ஒருவரும் இல்லை, அவ்வளவே.

ஆதலின் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இது. வீட்டிலுள்ள முதியோரின் மருந்துகள் யாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையிலிட்டு ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும்படி கேளுங்கள். ஒரு முறை விழுந்து அடிபடாமல் தப்பியிருந்தாலும் அதை மறைக்க வேண்டாம். எக்காரணத்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரக்கூடும். இரவில் எழுவோர் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்த பின்னரே நிற்க வேண்டும்.

வாசகசாலையில் பெரியவரின் நாற்காலி இன்று காலியாயிருக்கிறது. அவர் திரும்பி வருவாரென்று நம்புகிறோம். பிறர் வீட்டுப் பெட்டிகளேனும் ஒருவர் விழுவதற்கு முன் திறக்கப்படுமாக.