முதுகு ஒட்டிய மனைகள்

மனைப்பிரிவு வரைகிறவர் கல் நடும் முன் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். எத்தனை வீட்டுக்கு ஒரு குறுக்குத்தெரு?

நாலு பக்கமும் தெரு சூழ்ந்த மனைக்கூட்டத்தை 'பிளாக்' என்கிறார்கள். அதன் அகலம் தானாக அமைந்துவிடும். எல்லா மனைக்கும் தெருவாசல் வேண்டும் என்பதால், இரண்டிரண்டாக முதுகு ஒட்டி உட்கார வேண்டியதுதான். நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு 1811இல் திட்டம் போட்டவர்கள் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே சுமார் 200 அடி விட்டார்கள். 25-க்கு 100 அடி மனைகள் அதில் கச்சிதமாகப் பொருந்தின. பின்சந்து மட்டும் விடவில்லை. அதனால் அத்தனை பணக்கார ஊரிலும் குப்பை மூட்டை வாசல் நடைபாதைக்கே வந்து சேர்ந்தது.

நீளத்தில்தான் வம்பு. நம்மூர்க் கணக்கில் பார்ப்போம். 40-க்கு 60 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டு. பக்கத்துக்கு இருபதாக நாற்பது மனை போட்டால் பிளாக் 800 அடி நீளம், 120 அடி அகலம். நட்டநடு வீட்டுக்காரிக்குப் பின்வீட்டுக் குக்கர் விசில் சுவர் தாண்டிக் கேட்கும். ஆனால் ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுக்க 400, 120, மறுபடி 400 என்று 920 அடி நடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். நடுவில் 24 அடியில் ஒரு குறுக்குத்தெரு விட்டால், யாருக்குமே இந்த நடை 520 அடியைத் தாண்டாது. அதற்கு விலை 2,880 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கு மேலே போகிறதே என்று நிலம் போட்டவர் முகம் சுளிப்பார். மூலைமனை நாலு, எட்டாகிறது என்று சொல்லிப் பாருங்கள். மூலைமனைக்கு விலை கூடுதல் என்பதால் கொஞ்சம் இறங்கி வருவார்.

மூலை என்றதும் பார்சிலோனா நினைவுக்கு வருகிறது. 1859இல் இல்டெஃபோன்ஸ் செர்தா வரைந்த திட்டத்தில் பிளாக் ஒவ்வொன்றும் சுமார் 113 மீட்டர் சதுரம். நாலு முனையையும் சாய்வாக வெட்டியிருப்பார். வண்டி திரும்பவும், எதிரே வருவது தெரியவும் வசதி. நம் மனைப்பிரிவுகளிலும் மூலைமனையின் முனையைக் கொஞ்சம் கத்தரிப்பது இதற்காகத்தான்.

செர்தாவுக்கு இல்லாத தலைவலி ஒன்று நமக்கு உண்டு: தெருக்குத்து. குறுக்குத்தெரு ஒரு மனையின் வாசலில் போய் முட்டி நின்றால், அந்த மனையை வாங்க ஆள் தயங்கும், விலை இறங்கும். அனுபவப்பட்டவர் அந்த இடத்தில் மனையே போடமாட்டார். எப்படியும் பூங்காவுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். தெரு முட்டுகிற இடத்தில் அதை வைத்துவிடுவார். இரவில் வரும் வண்டி வெளிச்சமும் யார் வீட்டு ஜன்னலிலும் அடிக்காது.